பருவம் குறியாத பிரிவு

(செங்கற்பட்டில் நடைபெற்ற நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"அகத்திணையில் பிரிவு" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் நடத்திவரும் பாடந்தான் இது. எனினும், கடந்த சில ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் என் மனம் நூலை விட்டு நம் தெருக்களுக்குச் சென்றுவிடுகிறது. நம் ஊரில் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் பல. ஆகவே, நூலையும் தெருவையும் சேர்த்தே பேச விரும்புகிறேன். அவையோர் பொறுத்தருள வேண்டும்.

கடலும் கலமும்

கடல்கடந்து செல்லுதல் நம் மண்ணுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும், அங்கே இரவில் மரக்கலங்களுக்கு வழிகாட்ட உயரத்தில் ஏற்றிய விளக்கையும் கூறுகின்றது. அந்நீர்ப்பெயற்றினை மாமல்லபுரம் என்றே கொள்வாரும் உளர். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது, யானைகளையும் மணிக்குவியல்களையும் சுமந்து பாரத்தால் தாழ்ந்து நின்ற கலங்களைக் காட்டுகிறார். தென் தாய்லாந்திலுள்ள தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னும் குளத்தை வெட்டியதையும், அது மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்டதையும் அது தெரிவிக்கின்றது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். சென்ற இடத்தில் குளம் வெட்டி, அதற்குத் தம் மன்னன் பெயரை இட்டு வாழ்ந்த மரபினர் நாம். எனவே, செல்லுதல் தவறு என்று உரைக்க நான் இங்கு வரவில்லை. சென்றவர்க்கும் இருப்பவர்க்கும் இடையிலுள்ள காலத்தைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

பருவம் என்னும் உறுதி

பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். ஒருவர் பிரிந்தால் ஒருவர் ஆற்றியிருக்க வேண்டும். இவ்விருத்தலைத் தாங்கக்கூடியதாகச் செய்தது எது என்று மாணவர்களிடம் கேட்பதுண்டு. "கற்பு" என்பார்கள், "அன்பு" என்பார்கள். இரண்டும் சரியே. ஆனால் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது காலவரையறை.

தொல்காப்பியர் கற்பியலில் பிரிவுக்கு எல்லை வகுக்கிறார். கல்வியின்பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டுகளைக் கடத்தலாகாது என்கிறார். வேந்தன் பணியின்பொருட்டுப் பிரிவது ஓராண்டுக்குள் முடிதல் வேண்டும் என்கிறார். ஏனைய பிரிவுகளையும் அவ்வாறே அமைக்கிறார். சங்கப் பாடல்களில் தலைவன் "கார்காலத்தில் வருவேன்" என்று பருவம் குறித்துச் செல்கிறான். தலைவி அப்பருவத்தை நோக்கியே நாள்களை எண்ணுகிறாள். பருவம் வந்தும் அவன் வாராதபோது, இது கார்காலம் அன்று, காலமல்லாத காலத்துப் பெய்த மழையைக் கண்டு கொன்றை மரம் அறியாமையால் பூத்துவிட்டது என்று தோழி ஆற்றுவிக்கிறாள். இதற்குப் "பருவம் அன்று எனல்" என்று துறையே வகுத்துள்ளனர். தோழி சொல்வது பொய்தான். ஆயினும் அப்பொய்க்கும் ஒரு பருவம் வேண்டியிருக்கிறது. பருவமே குறிக்கப்படாத பிரிவில் தோழி எதைக் கூறி ஆற்றுவிப்பாள்? நான் இன்று கேட்க விரும்பும் வினா இதுவே.

உளியோடு சென்றவர்

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. நம் மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பெற்றது. அதனை நெடுங்காலம் வழிநடத்தியவர் கணபதி ஸ்தபதி அவர்கள். குமரி முனையில் 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய அப்பெருமகனாரே, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் எழுந்த இறைவன் கோயிலுக்கும் வடிவம் வகுத்தார். அதற்கான கருங்கற்கள் பெங்களூர் அருகே செதுக்கப்பெற்றுக் கப்பலேறின. 2011இல் ஸ்தபதி மறைந்தார். கோயில் 2023இல் குடமுழுக்குக் கண்டது. இவ்வாறே உலகின் பல நாடுகளிலும் எழுந்த கோயில்களுக்கு நம் பகுதிச் சிற்பிகள் உளியோடு சென்று வந்துள்ளனர்.

சிற்பியின் பிரிவும் பொருள்வயிற் பிரிவே. குடும்பம் இங்கே, அவர் அங்கே. துன்பம் இல்லாமலில்லை. ஆயினும் அவ்வீட்டில் "எப்போது வருவார்?" என்று கேட்டால், "குடமுழுக்கு முடிந்ததும் வருவார்" என்று விடை கிடைக்கும். குடமுழுக்குத் தள்ளிப்போகலாம், ஆனால் ஒருநாள் நடந்தே தீரும். அதுவே அவர்தம் கார்காலம்.

இனி, கணிப்பொறியோடு சென்றவர் வீட்டிற்கு வருவோம்.

வரிசையின் கணக்கு

நம் பரனூரில் மகேந்திரா சிட்டியும் சிறுசேரியில் மென்பொருள் வளாகமும் எழுந்த பின்னர், கல்லூரி முடித்த நம் பிள்ளைகள் அங்கே சில ஆண்டுகள் பணியாற்றி, அங்கிருந்து அமெரிக்கா செல்வது வழக்கமாயிற்று. பெரும்பாலோர் எச்-1பி விசாவில் செல்கின்றனர். மூன்றாண்டு, மேலும் மூன்றாண்டு, ஆக ஆறாண்டு என்பது அதன் பொது எல்லை. அதற்குள் நிலையான குடியிருப்புரிமை, அதாவது நாம் கிரீன் கார்டு என்று சொல்வது, கிட்டிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் குடும்பத்தையும் அழைத்துச் செல்கின்றனர்.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியினர்க்கு அமெரிக்கக் கதவை அடைத்தது. 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்றது. 1946இல் ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்று சட்டம் இளகியது. குடியுரிமை பெறும் வழியும் அப்போதுதான் பிறந்தது. 1937இல் அங்கே சென்ற வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அந்நாட்டுக் குடிமகன் ஆனார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் இனம்நோக்கிய பழைய ஒதுக்கீட்டை நீக்கிற்று. 1990ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டொன்றுக்கு 1,40,000 கிரீன் கார்டு என்று வகுத்தது. அவ்வெண்ணுள் மனைவி மக்களும் அடக்கம்.

முடிச்சு எங்கே உள்ளதெனின், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் வழங்கலாகாது என்பது விதி. இந்தியாவுக்கும் அதே எல்லை. ஐஸ்லாந்துக்கும் அதே எல்லை. பிற நாட்டார் பயன்படுத்தாமல் விட்டவை சில ஆண்டுகளில் நமக்கு வந்து சேரும். சில ஆண்டுகளில் வாரா. இவ்விதியில் நோக்கத்தக்கது யாதெனில், பார்க்கப்படுவது குடியுரிமை அன்று, பிறந்த ஊர். செங்கற்பட்டில் பிறந்த ஒருவர் கனடாவின் குடிமகனாகவே ஆகிவிட்டாலும் அவர் நிற்க வேண்டியது இந்திய வரிசையில்தான். சந்திரசேகர் பிறந்தது லாகூரில். அவர் இன்று விண்ணப்பித்தால் பாகிஸ்தான் வரிசையில் நிற்பார். விரைவிலேயே பெற்றும் விடுவார்!

நடைமுறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணிதரும் நிறுவனம், இவ்வேலைக்கு உள்நாட்டில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் செய்து காட்டி, தொழிலாளர் துறையிடம் சான்று கோர வேண்டும். அக்கோரிக்கையைப் பதிவு செய்த நாளே அவர்க்கு முன்னுரிமை நாள். பின்னர் மாதந்தோறும் அந்நாட்டு வெளியுறவுத் துறை ஓர் அறிக்கை வெளியிடும். எந்த நாள் வரைக்கும் பதிவு செய்தவர்க்கு முறை வந்துள்ளது என்பதை அது கூறும். 2025ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவில் பிறந்த, உயர்பட்டம் பெற்ற பணியாளர் பிரிவில் 2013இல் பதிவு செய்தவர்க்கே முறை வந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குப் பின்னர்ப் பதிவு செய்தோர் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. ஏனெனில், வரிசை முன்னோக்கி மட்டும் நகர்வதில்லை; பின்னோக்கியும் நகர்கிறது.

2022 செப்டம்பரில் அப்பிரிவில் 2014 டிசம்பர் முதல் நாள் வரைக்கும் முறை வந்திருந்தது. அடுத்த மாதமே அது 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. டிசம்பரில் 2011 அக்டோபருக்குச் சென்றது. கொன்றை பூத்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தவர்களிடம் "பருவம் அன்று" என்று ஓர் அரசாங்கத் தாள் கூறிற்று. பூத்ததே பொய் என்பதைத் தோழி ஆறுதலாகச் சொன்னாள். இத்தாள் அதனையே தீர்ப்பாகச் சொன்னது.

மலர் அனுப்பிய அறப்போர்

இவ்வரிசையில் நிற்போர் வாளா இருந்தவர் அல்லர். 2007 ஜூன் மாதத்தில் வெளியான அறிக்கை, ஜூலை முதல் ஏறத்தாழ எல்லாப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம் என்றது. மக்கள் பயணங்களைத் தள்ளிவைத்தனர். மருத்துவச் சோதனை செய்துகொண்டனர். வழக்கறிஞர்க்குப் பணம் கட்டினர். ஜூலை 2ஆம் நாள் அந்த அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. அப்போது அவர்கள் கல்லெறியவில்லை. பூ எறிந்தார்கள் எனலாம். 2006இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்று பரப்பிய காந்திய வழியைப் பின்பற்றி, குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸ் பெயருக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை அனுப்பினர். அவர் அவற்றைப் படைவீரர் மருத்துவமனைகளில் காயமுற்றுக் கிடந்தோர்க்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17ஆம் நாள் அரசு இறங்கி வந்து, ஒரு மாத காலம் விண்ணப்பங்களை ஏற்பதாக அறிவித்தது.

வெட்சி முதலாக ஒவ்வொரு போருக்கும் ஒரு பூவை அடையாளமாக வைத்தது நம் புறத்திணை. பூவையே படைக்கலமாகக் கொண்ட இவ்வறப்போரை நம் புறத்திணை மரபு அறிந்தால் மகிழும் என்று எண்ணுகிறேன். ஆனால் அன்று திறந்தது விண்ணப்பிக்கும் வாயில் மட்டுமே. வரிசை அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டில்

பொதுவாகவே பேசிக்கொண்டு போவது எளிது. இந்த அவையில் பலர் என் குடும்பத்தை அறிந்தவர்கள். ஆதலின் எங்கள் வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி 2011இல் அமெரிக்கா சென்றான். அடுத்த ஆண்டு மனைவியையும் இரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டான். அவன் முன்னுரிமை நாள் 2016ஆம் ஆண்டுக்குரியது. என் அன்னைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் மாதந்தோறும் வரும் அவ்வறிக்கையின் நாள் மட்டும் அவருக்குத் தெரியும். நாட்காட்டித் தாளில் அந்த எண்ணை எழுதிவைப்பார். "ஏம்மா, இந்த மாசம் தேதி நகர்ந்துச்சா?" என்று கேட்பார். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி நின்று விரிச்சி கேட்பார்கள். பசித்த கன்றிடம் "தாய் இப்போதே வந்துவிடும்" என்று ஓர் ஆய்மகள் கூறும் சொல் அவர்கள் செவியில் விழும். நற்சொல் கேட்டோம் என்று தலைவியைத் தேற்றுவார்கள். என் அன்னையும் அப்படித்தான் ஒவ்வொரு மாதமும் விரிச்சி கேட்டு நின்றார்.

2022 செப்டம்பரில், இன்னும் ஒன்றரை ஆண்டுத் தொலைவுதான் என்று வீடு மகிழ்ந்தது. என் தந்தையார், தம்பி வந்தால் வெள்ளையடிக்க வேண்டும் என்று கூலி பேசிவைத்தார். அடுத்த மாதம் நாள் பின்வாங்கியது. 2023 சனவரியில் தம்பி பணியாற்றிய நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் மற்றொரு நிறுவனம் மனுச்செய்ய வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. அந்த அறுபது நாளில் முப்பத்து மூன்றாம் நாள் எங்கள் தந்தையார் காலமானார்.

தம்பி வரலாம், எவரும் தடுக்கவில்லை. ஆனால் வந்தால் அந்த அவகாசம் அத்தோடு முடிந்துவிடும். வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டு, சென்னைத் தூதரகத்தில் மீண்டும் விசா முத்திரை பெற்ற பிறகே திரும்ப முடியும். மனைவியும் மகளும் அங்கே தனியே. வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளி ஆகிய யாவும் அங்கே. இரவு முழுவதும் தொலைபேசியில் அழுதான். "வரேன்க்கா, எது போனாலும் போகட்டும்" என்றான். "நீ அங்கயே இருடா" என்று சொன்னவள் நான்தான். அச்சொல்லை இன்றும் என் மனம் எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. பங்காளி முறையில் ஒருவரைத் தேடலாம் என்றனர் பெரியவர்கள். என் அன்னை, "என் பொண்ணு வைக்கட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்தார். நான் வைத்தேன். அவன் ஒரு கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மாமல்லபுரம் கடலில் அஸ்தி கரைத்தபோது, காற்றில் அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. ஐம்பத்து இரண்டாம் நாள் அவனுக்கு வேறொரு மாநிலத்தில், குறைந்த ஊதியத்தில் வேலை கிடைத்தது. பழைய முன்னுரிமை நாள் கைவிட்டுப் போகவில்லை என்பதே அவனுக்கு மிஞ்சிய ஆறுதல். சான்றுக்கான நடைமுறையைப் புதிய நிறுவனம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மனையோளும் மகளும்

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியர் கூறும் மரபு. இன்று மகளிர் உடன் செல்கின்றனர். இது முன்னேற்றந்தான். ஆனால் எவ்வாறு செல்கின்றனர் என்று பார்க்க வேண்டும். என் தம்பியின் மனைவி வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இங்கே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சார்ந்து வாழும் மனைவி என்ற விசாவில் சென்றதால் ஐந்தாண்டுகள் ஊதியத்துக்கு வேலை செய்ய அவருக்கு உரிமையில்லை. 2015 மே மாதம் முதல், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட நிலையைக் கடந்திருந்தால் மனைவி பணியாற்றலாம் என்ற விதி வந்தது. 2017இல் அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதனைப் புதுப்பிக்கும் தாள் காலத்தில் வாராமையால் ஒருமுறை கிடைத்த வேலையையும் இழந்தார். "அண்ணி, நான் என் பெயரையே மறந்துடுவேன் போல இருக்கு, எங்க பார்த்தாலும் அவரைச் சார்ந்தவள்னுதான் எழுதறேன்" என்று ஒருநாள் சொன்னார்.

மகள் 2010இல் நம் செங்கற்பட்டில் பிறந்தவள். அவளுக்கு அறிந்த பள்ளியும் தோழியரும் அந்த நாட்டில்தான். அவள் 21 வயது அடையும்முன் தந்தைக்குக் கிரீன் கார்டு வாராவிட்டால், பிள்ளை என்ற முறையில் அவளுக்குள்ள உரிமை போய்விடும். பிறகு அவள் மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ தனியே விண்ணப்பிக்க வேண்டும்; இல்லையேல் இரண்டு வயதில் விட்டுவந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு 2031இல் 21 வயது நிறையும். எங்கள் வீட்டில் இன்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பது அவ்வாண்டைத்தான். பருவம் குறியாத பிரிவில், குறிக்கப்பட்ட ஒரே பருவம் இழப்பின் பருவமாக அமைந்துவிட்டது.

பிற நாடுகளில்

இஃது அமெரிக்காவின் செய்தி மட்டுமன்று. 1965இல் தொடங்கப்பெற்ற நம் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் பயின்ற மருத்துவர்கள் பிரித்தானியாவுக்குச் செல்வது பழைய வழக்கம். 2006 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வெளிநாட்டு மருத்துவர்கள் தனி அனுமதியின்றிப் பயிற்சி பெறும் முறையை நீக்கிற்று. முன்னரே அங்கிருந்த இந்திய மருத்துவர் பலர் வழியறியாது நின்றனர். அவர்களின் சங்கம் வழக்காடியது. சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் சட்டத்துக்கு மாறானது என்று 2008 ஏப்ரல் 30இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அதே ஏப்ரலில், உயர்திறனாளர் திட்டத்தின்கீழ் முன்பே வந்தவர்க்கு 2006இல் விதியை மாற்றியது முறையன்று என்று அந்நாட்டு உயர்நீதிமன்றமும் கூறிற்று. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றலாகாது என்பதே இவற்றின் சாரம்.

கனடாவோ மதிப்பெண் முறையில் ஆள் எடுக்கும் புதிய திட்டத்தை 2015 சனவரியில் தொடங்கியது. 2023 சூலையில், அமெரிக்காவில் எச்-1பி விசாவோடு உள்ளோர் 10,000 பேருக்குப் பணி அனுமதி தரும் திட்டத்தைத் திறந்தது. இரண்டே நாளில் அவ்வெண் நிறைந்துவிட்டது. பல்லாண்டு ஒரு நாட்டில் வரி செலுத்தி, வீடு கட்டி வாழ்ந்தவர்கள், கதவு திறந்த இரு நாளில் வேறொரு நாட்டை நோக்கி ஓடினார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியிருந்தது பொருள் மட்டும் அன்று. ஓர் உறுதியான நாள் என்பது விளங்கும்.

இரு பக்க நியாயம்

ஒரு பக்கம் மட்டும் பேசுவது அறமன்று. எவரை ஏற்பது, எத்தனை பேரை ஏற்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஏழு விழுக்காடு என்ற எல்லையும், பெரிய நாடு ஒன்றே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளாமல் சிறிய நாட்டார்க்கும் வழி இருக்கட்டும் என்பதற்காக வைத்ததே. குறைந்த ஊதியத்துக்கு வெளிநாட்டாரை வைத்து எங்களை வெளியேற்றுகிறார்கள் என்று அந்நாட்டுத் தொழிலாளர் கூறும் குறையிலும் உண்மை இல்லாமலில்லை. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர் வரும்போது நாமும் இவ்வாறு பேசுகிறோமே!

நாட்டு எல்லையை நீக்கும் சட்டவரைவு 2019 சூலை 10இல் அமெரிக்கக் கீழவையில் 365க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவை வேறு வடிவில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் இணங்காமல் காலாவதியாயின. 2025 செப்டம்பரிலோ, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டார். கதவு எப்பக்கம் சாயும் என்பது இனி நம் கையில் இல்லை.

என் முறையீடு இதுதான். "இல்லை" என்று ஒரு நாடு சொல்லலாம். "இத்தனை ஆண்டு கழித்து வா" என்றும் சொல்லலாம். இரண்டும் சொல்லாமல், உழைப்பைப் பெற்றுக்கொண்டு, நாளை மட்டும் நகர்த்திக்கொண்டே இருப்பது முறையன்று. தொல்காப்பியர் தலைவனுக்கு மூன்றாண்டு, ஓராண்டு என்று எல்லை வகுத்ததன் காரணம், காத்திருப்பவரின் வாழ்நாளும் ஒரு பொருள் என்று அவர் கருதியதே.

நாம் செய்யத்தக்கவை

அயல்நாட்டுச் சட்டத்தைத் திருத்த நம்மால் இயலாது. ஆயினும் நம்மால் இயன்றவை மூன்று உண்டு.

ஒன்று, செல்லுமுன் அறிதல். சீர்வரிசைக் கணக்கைத் துல்லியமாகப் பார்க்கும் நாம், மாப்பிள்ளைக்கு எந்த விசா, முன்னுரிமை நாள் எது, மணமகள் அங்கே பணி செய்யலாமா என்பவற்றைக் கேட்பதில்லை. "அமெரிக்க மாப்பிள்ளை" என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். பெண்ணைப் பெற்றோர் இதனைக் கேட்பது நாகரிகக் குறைவன்று, கடமை.

இரண்டு, திரும்பி வருவோரை இகழாதிருத்தல். "கார்டு கிடைக்கலையா?" என்று கடைத்தெருவில் கேட்கும் ஒரு கேள்விக்கு அஞ்சியே பலர் அங்கே தேய்ந்துகொண்டிருக்கின்றனர். அந்த அட்டை அறிவுக்கும் உழைப்புக்கும் தந்த மதிப்பெண் அன்று. பிறந்த ஊரையும் பதிவு நாளையும் வைத்துப் போட்ட கணக்கு. அது வாராமல் திரும்பியவன் தோற்றவன் அல்லன். பரனூரிலும் சிறுசேரியிலும் அவன் அறிவுக்கு இடமுண்டு. முதலில் நம் பேச்சில் இடமிருக்க வேண்டும்.

மூன்று, எழுதுதல். இது நம் வட்டத்தின் பணி. மலையகத்துக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றோரின் துயர் நம் இலக்கியத்தில் இடம்பெற்றது. நன்றாகச் சம்பாதிப்பவனுக்கு என்ன துயர் என்ற எண்ணத்தால் இத்துயர் போதிய அளவு எழுதப்படவில்லை. இந்த வட்டத்தில் கதை எழுதும் இளையோர், நம் தெருவில் பூட்டிக்கிடக்கும் மாடி அறைகளைப் பற்றி எழுதுங்கள். காத்திருக்கும் அன்னையர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

2024இல் தம்பி விசா முத்திரைக்காகச் சென்னை வந்தான். பன்னிரண்டு நாள் எங்களோடு இருந்தான். தந்தையார் கரைந்த கடற்கரைக்கு அவனை அழைத்துச் சென்றேன். நெடுநேரம் நின்றான், ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், "மொட்டை அடிச்சிக்கணும்க்கா" என்றான். திருக்கழுக்குன்றத்தில் வண்டியை நிறுத்தி, ஓராண்டு கழித்து, தந்தைக்காக முடி இறக்கினான்.

என் அன்னை இப்போது நாட்காட்டியில் எண் எழுதுவதை நிறுத்திவிட்டார். "கார்டு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். புள்ள சாப்ட்டானான்னு மட்டும் கேளு" என்கிறார். இதனை விரக்தி என்று நான் முதலில் எண்ணினேன். அவர் தம் மகனை ஒரு வரிசையிலிருந்து விடுவித்துவிட்டார் என்று இப்போது எண்ணுகிறேன். நாமும் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவேனும் செய்வோம்.